பியேர் ஜன்னரே

பியேர் ஜன்னரே (மார்ச் 22, 1896 - டிசம்பர் 4, 1967) சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்த கட்டிடக்கலைஞரும் அறைகலன் வடிவமைப்பாளரும் ஆவார். நவீன கட்டிடக்கலையின் முன்னோடியான லெ கொபூசியேயின் உறவுமுறைச் சகோதரரான இவர், சுமார் இருபது ஆண்டுகள் பாரிசில் அவருடன் கூட்டாகப் பணியாற்றினார். 1951 முதல் 1965 வரை இந்தியாவின் சண்டிகர் நகரிலேயே தங்கி, அந்நகரின் வீடுகள், பள்ளிகள், பல்கலைக்கழகக் கட்டிடங்கள் ஆகியவற்றை வடிவமைத்தார். அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தேவையான நாற்காலி, மேசை, அலமாரி, நூலக அடுக்கு முதலிய அறைகலன்களை உருவாக்கும் பணியையும் இவரே முன்னின்று நடத்தினார். இன்று அலுவலக இடத் திட்டமிடல் என்றும் வசதி மேலாண்மை என்றும் அழைக்கப்படும் துறைகள் இந்தியாவில் பெயர் பெறாத காலத்தில், ஒரு மாநில அரசின் அலுவலகங்கள் முழுவதையும் வெறும் தரையிலிருந்து தொடங்கித் திட்டமிட்டுத் தளவாடங்களுடன் நிறைத்த பணி இது எனலாம்.

இளமைக் காலம்

பியேர் ஜன்னரே சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தார். அங்குள்ள நுண்கலைப் பள்ளியில் கட்டிடக்கலை பயின்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் சுவிட்சர்லாந்து இராணுவத்தில் பணிபுரிந்ததால் இவரது படிப்பு இடையில் தடைப்பட்டது. பின்னர் பாரிசு சென்ற இவர், 1920களின் தொடக்கத்தில் பெரே சகோதரர்களின் அலுவலகத்தில் பணியாற்றினார். வலுவூட்டப்பட்ட கான்கிரீட்டைக் கட்டிடக்கலைக்குரிய பொருளாக ஏற்றுக்கொள்ளச் செய்தவர்களில் பெரே சகோதரர்கள் முதன்மையானவர்கள். லெ கொபூசியேயும் சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே அலுவலகத்தில் பணிபுரிந்தவரே.

லெ கொபூசியேயுடன் கூட்டுப்பணி

லெ கொபூசியேயின் இயற்பெயர் சார்லசு எடுவார் ஜன்னரே. இவர் பியேரைவிட எட்டரை ஆண்டுகள் மூத்தவர். 1920களின் தொடக்கத்தில் இருவரும் இணைந்து பாரிசில் அலுவலகம் அமைத்தனர். 1924 முதல் இவ்வலுவலகம் செவ்ரே சாலையில் 35 ஆம் எண் கட்டிடத்தில் இயங்கியது. பழைய மடாலயம் ஒன்றின் நீண்ட நடைக்கூடமே அவர்களின் வரைபட அறையாக இருந்தது.

இவ்விருவரின் இயல்புகளும் வேறுபட்டவை. லெ கொபூசியே நூல்கள் எழுதினார், சொற்பொழிவுகள் ஆற்றினார், எதிர்ப்பாளர்களுடன் வாதிட்டார். ஜன்னரே வரைபட அறையில் இருந்தார். ஒரு கருத்தைக் கட்டக்கூடிய வரைபடமாக மாற்றுவது, அளவுகளைச் சரிபார்ப்பது, இளம் வரைவாளர்களின் பணியைத் திருத்துவது ஆகியவை பெரும்பாலும் இவர் பொறுப்பிலேயே இருந்தன. பொதுமக்களின் நினைவில் ஒருவர் பெயர் மட்டும் நிலைத்ததற்கு இந்த வேலைப் பிரிவினையும் ஒரு காரணம். ஆயினும் அக்கால வடிவமைப்புகள் பலவும் இருவரின் பெயரிலேயே வெளியிடப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

பாரிசிலுள்ள லா ரோசு மாளிகை, பெசாக் தொழிலாளர் குடியிருப்பு, 1931 இல் நிறைவுற்ற புவாசி நகரின் சவோய் மாளிகை ஆகியவை இக்கூட்டுப்பணியின் புகழ்பெற்ற விளைவுகளாகும். மாசுகோவில் கட்டப்பட்ட கூட்டுறவுச் சங்கங்களின் தலைமையகம் ஒரு பெரிய அலுவலகக் கட்டிடம் ஆகும். நவீன கட்டிடக்கலையின் ஐந்து கூறுகள் என அறியப்படும் கொள்கைகள் 1927 இல் இருவர் பெயரிலும் வெளியாயின. தூண்களின் மேல் உயர்த்தப்பட்ட கட்டிடம், கூரைத் தோட்டம், சுமைதாங்கும் சுவர்களால் கட்டுப்படாத தரைத்தள அமைப்பு, நீண்ட கிடைச் சாளரம், தடையற்ற முகப்பு என்பவையே அவை. இவற்றுள் மூன்றாவது கூறு பின்னாளைய அலுவலகக் கட்டிடங்களுக்கு அடிப்படையானது. தூண்கள் சுமையைத் தாங்குவதால், உட்சுவர்களை அமைக்கவும் நீக்கவும் இடம் மாற்றவும் முடிகிறது. இன்றைய மென்பொருள் நிறுவனங்களின் திறந்த தளங்கள் வரை இக்கொள்கையின் தாக்கத்தைக் காணலாம்.

அறைகலன்களில் ஆர்வம்

1925 இல் பாரிசில் நடைபெற்ற அலங்காரக் கலைக் கண்காட்சியில் இருவரும் ஒரு மாதிரி வீட்டை அமைத்தனர். அதில் அலங்கார வேலைப்பாடுள்ள சாமான்கள் இடம்பெறவில்லை. கடையில் கிடைக்கும் வளைமர நாற்காலிகளும், ஒரே அளவில் அடுக்கக்கூடிய பெட்டி அலமாரிகளும் மட்டுமே வைக்கப்பட்டன. அலுவலகங்களில் கோப்புகளை வைக்கப் பயன்பட்ட எஃகு அலமாரிகள் இவர்களை வெகுவாகக் கவர்ந்திருந்தன. வைக்கப்படும் பொருளின் அளவே பெட்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்னும் எளிய விதியை அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டனர். வீட்டுக்குரியதை அலுவலகத்துக்குக் கொண்டு செல்வதே அக்கால வழக்கம். இவர்கள் அதைத் தலைகீழாக்கினர்.

1927 இல் சார்லத் பெரியான் என்னும் இளம் வடிவமைப்பாளர் இவர்களுடன் சேர்ந்தார். மூவரும் சேர்ந்து உருவாக்கிய எஃகுக் குழாய் அறைகலன்கள் 1929 இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவற்றுள் சாய்வு நாற்காலியும், குழாய்ச் சட்டத்துள் மெத்தைகள் பொருத்தப்பட்ட கைநாற்காலியும் இன்றும் தயாரிக்கப்படுகின்றன. நிறுவனங்களின் வரவேற்பறைகளில் காணப்படும் கறுப்புத் தோல் இருக்கைகள் பலவும் இக்கைநாற்காலியின் நேரடியான அல்லது மறைமுகமான பிரதிகளே. வணிக வழக்கில் இவை லெ கொபூசியேயின் பெயரால் அழைக்கப்படுகின்றன. மற்ற இருவரின் பங்கு மிகவும் பிற்பட்டே பரவலாக அறியப்பட்டது.

பிரிவு

1940 இல் செர்மனி பிரான்சைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து பாரிசு அலுவலகம் மூடப்பட்டது. லெ கொபூசியே, செர்மனியுடன் ஒத்துழைத்த விசி அரசிடம் பணி வாய்ப்புத் தேடிச் சென்றார். ஜன்னரே கிரெனோபிள் நகருக்குச் சென்று, ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் பங்கு கொண்டார். இந்த அரசியல் வேறுபாட்டுடன் இருபதாண்டுக் கூட்டுப்பணி முடிவுக்கு வந்தது. அதன் பின் சுமார் பத்தாண்டுகள் இருவரும் தனித்தனி வழிகளில் சென்றனர்.

கிரெனோபிளில் ஜன்னரே, உலோக வேலையில் வல்லவரான சான் புரூவேயுடன் இணைந்து, முன்கூட்டியே தயாரித்துப் பூட்டக்கூடிய வீடுகளை உருவாக்குவதில் ஈடுபட்டார். எஃகு கிடைப்பது அரிதாக இருந்த போர்க்காலத்தில் இவ்வீடுகளில் மரமே பெரிதும் பயன்பட்டது. கிடைக்கும் பொருளைக் கொண்டு, எளிய இணைப்புகளால், விரைவாகவும் மலிவாகவும் செய்து முடிக்கும் இப்பயிற்சி பின்னாளில் இந்தியாவில் இவருக்கு மிகவும் உதவியது. போருக்குப் பின், கத்தரிக்கோல் போன்று குறுக்கிடும் மரக்கால்களையுடைய நாற்காலி ஒன்றை அமெரிக்காவின் நோல் நிறுவனத்துக்காக வடிவமைத்தார்.

சண்டிகர்

1947 ஆம் ஆண்டின் இந்தியப் பிரிவினையில் பஞ்சாப் மாகாணம் இரண்டாகப் பிரிந்தது. தலைநகரான லாகூர் பாக்கிசுத்தானுக்குச் சென்றது. கிழக்குப் பஞ்சாப் அரசு சிம்லாவில் தற்காலிகமாக இயங்கியது. இலட்சக்கணக்கான அகதிகள் குடியேறிய அம்மாநிலத்துக்கு ஒரு புதிய தலைநகர் தேவைப்பட்டது. முதலில் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் அவருடன் பணியாற்றிய மாத்தியூ நோவிக்கியும் திட்டம் வரைந்தனர். 1950 ஆகசுட்டில் நோவிக்கி எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். அதன் பின் அரசின் சார்பில் நிருவாகி பி. என். தாப்பர், தலைமைப் பொறியாளர் பி. எல். வர்மா ஆகியோர் ஐரோப்பா சென்று, வேறு கட்டிடக்கலைஞர்களைத் தேடினர். லெ கொபூசியே ஆலோசகராக ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டுக்கு இரு முறை, முறைக்கு ஒரு மாதம் மட்டுமே அவர் இந்தியா வருவதாக ஏற்பாடு. களத்தில் தங்கிப் பணியை நடத்த இங்கிலாந்தைச் சேர்ந்த மாக்சுவெல் பிரை, ஜேன் துரூ இணையரும் பியேர் ஜன்னரேயும் நியமிக்கப்பட்டனர்.

1951 பெப்ரவரியில் இந்தியா வந்தபோது ஜன்னரேக்கு வயது 54. பிரையும் துரூவும் மூன்று ஆண்டுகளில் திரும்பிச் சென்றனர். ஜன்னரே பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தங்கினார். பின்னர் பஞ்சாப் அரசின் தலைமைக் கட்டிடக்கலைஞராகவும் நகரத் திட்ட ஆலோசகராகவும் பொறுப்பேற்றார். தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சட்டமன்றம் ஆகியவை அமைந்த தலைமை வளாகத்தை லெ கொபூசியே வடிவமைத்தார். அவர் பாரிசிலிருந்து அனுப்பிய வரைபடங்களைக் கட்டிடமாக்குவதும், நகரத்தின் எஞ்சிய பெரும்பகுதியை வடிவமைப்பதும் ஜன்னரேயின் தலைமையில் இயங்கிய இந்தியக் குழுவினரின் பொறுப்பாயின. எம். என். சர்மா, ஏ. ஆர். பிரபாவல்கர், யூலி சௌத்ரி, ஜீத் மல்கோத்ரா, பி. பி. மாத்தூர், ஆதித்ய பிரகாசு முதலியோர் இக்குழுவில் குறிப்பிடத்தக்கவர்கள்.

அரசு ஊழியர்களுக்கான வீடுகள் பதவி வாரியாக வகைப்படுத்தப்பட்டிருந்தன. முதலமைச்சர் வீடு முதல் வகை. கடைநிலை ஊழியர் வீடு பதின்மூன்றாம் வகை. ஒவ்வொரு வகைக்கும் செலவு உச்சவரம்பு உண்டு. மிகக் குறைந்த செலவில் கட்டப்பட்ட சிறிய வீடுகளுக்கும் சமையலறை, குளியலறை, கழிப்பறை, முற்றம் ஆகியவை தரப்பட்டன. அக்கால இந்தியாவில் இது வழக்கமன்று. உள்ளூர்ச் செங்கல், ஆற்றுக் கற்கள், காற்று நுழையும் துளைச்சுவர்கள் ஆகியவற்றை ஜன்னரே மிகுதியாகப் பயன்படுத்தினார். சண்டிகரின் வெளித்தோற்றம் என இன்று அறியப்படுவதில் பெரும்பகுதி இச்செங்கல் வீடுகளால் ஆனதே.

லாகூரை இழந்து இடமின்றி இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் இவரது தனிப்பட்ட பணிகளுள் மிகச் சிறந்தது எனலாம். அங்குள்ள காந்தி பவன், நீர்நிலையின் நடுவே மலர் இதழ்கள் விரிந்தாற்போல் அமைந்தது. நூலகமும் நிருவாகக் கட்டிடமும் இவ்வளாகத்தைச் சேர்ந்தவையே.

அலுவலகங்களும் அறைகலன்களும்

சண்டிகர் தலைமைச் செயலகம் 1958 இல் நிறைவடைந்தது. சென்னை அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டிடம் திறக்கப்பட்டதற்கு ஓராண்டு முந்தியது இது. உயரத்தில் சென்னைக் கட்டிடத்தின் 14 மாடிகளுக்கு ஈடாகாவிடினும், செயலகம் 254 மீட்டர் நீளமுடையது. எட்டு மாடிகளில், ஆறு தொகுதிகளாக, சுமார் 3,000 ஊழியர்களுக்கு இடமளிக்குமாறு திட்டமிடப்பட்டது. மாடிகளுக்கு ஏறிச்செல்லப் படிகளும் மின்தூக்கிகளும் மட்டுமன்றி, கட்டிடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாய்தளங்களும் அமைக்கப்பட்டன. காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நுழைந்து வெளியேறுவதை மின்தூக்கிகளால் மட்டும் சமாளிக்க இயலாது என்பதே இதன் காரணம்.

கட்டிடம் எழுந்தால் மட்டும் அலுவலகம் இயங்காது. எழுத்தர் அமர நாற்காலியும், கோப்பு வைக்க அடுக்கும், நீதிபதிக்கு இருக்கையும், வாசகருக்கு மேசையும் வேண்டும். பிரிவினைக்குப் பின் எதுவுமின்றித் தொடங்கிய ஓர் அரசு இவை அனைத்தையும் ஒரே காலத்தில் பெற வேண்டியிருந்தது. அக்காலத்தில் எஃகு தட்டுப்பாடான பொருள். அந்நியச் செலாவணியும் குறைவு. எனவே இறக்குமதிக்கு இடமில்லை. 1920களில் எஃகுக் குழாய் நாற்காலிகளை உருவாக்கியவரே இங்கு தேக்குக்கும் பிரம்புக்கும் திரும்பினார்.

தேக்கு கரையானை எதிர்க்கும். மழைக்கால ஈரத்தில் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த சீசம் மரமும் பயன்படுத்தப்பட்டது. இது பஞ்சாபிலேயே கிடைப்பது. பிரம்புப் பின்னல் கோடையில் முதுகிலும் இருக்கையிலும் காற்றுப் புக வழிவிடும். அறுந்தால் பின்னல் மட்டும் மாற்றப்படலாம், நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க தமிழ்நாட்டு அலுவலகங்களில் பிரம்பு நாற்காலி நெடுங்காலம் நிலைத்திருந்ததற்கும் இவையே காரணங்கள்.

இவற்றுள் மிகவும் அறியப்பட்டது அலுவலக நாற்காலி ஆகும். இதன் இரு பக்கங்களிலும் கவராயத்தை விரித்து நிறுத்தியது போன்ற மரக்கால்கள் உள்ளன. கால்கள் கூடும் உச்சியில் கைதாங்கி அமைந்துள்ளது. பிரம்பு பின்னிய இருக்கையும் முதுகுதாங்கியும் குறுக்குச் சட்டங்களின் மேல் பொருத்தப்பட்டுள்ளன. கால்கள் முக்கோணமாக அமைவதால் நாற்காலி எளிதில் ஆடாது. தினமும் இழுத்துத் தள்ளப்படும் அலுவலக நாற்காலிக்கு இது இன்றியமையாத பண்பு. நுண்ணிய வளைவுகள் மிகுதியாக இல்லாததால் சாதாரண தச்சர்களே செய்ய முடிந்தது. இதே கால் அமைப்பு மேசைகள், நீள்இருக்கைகள், சாய்வு நாற்காலிகள் ஆகியவற்றிலும் சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் இணைப்பைக் கற்றுக்கொண்ட தச்சர் பத்து வகைச் சாமான்களைச் செய்யலாம். நிரலாளர்கள் ஒரு முறை எழுதிய செயற்கூற்றை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதுடன் இதை ஒப்பிடலாம்.

பதவி வேறுபாடு அறைகலன்களிலும் காணப்பட்டது. எழுத்தர்களுக்குப் பிரம்பு நாற்காலிகள். நீதிபதிகளுக்கும் சட்டமன்றத்துக்கும் தோல் அல்லது துணி போர்த்திய மெத்தை இருக்கைகள். ஆயினும் கால்களின் வடிவம் இருவருக்கும் பொதுவாகவே இருந்தது. இவை தவிர, கோப்புகளுக்கான சிறு அறைகள் கொண்ட மேசைகள், நூலக மேசைகள், புத்தக அடுக்குகள், மாணவர் விடுதிக் கட்டில்கள், விளக்குகள் எனப் பல வகைகள் உருவாக்கப்பட்டன.

இவை ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அல்ல. வரைபடங்கள் தச்சுப் பட்டறைகளிடம் தரப்பட்டு, தேவைக்கேற்பப் பல ஆண்டுகளாகச் செய்து வாங்கப்பட்டன. அதனால் ஒரே வகை நாற்காலிகளுக்கிடையேயும் அளவிலும் மரத்திலும் சிறு வேறுபாடுகள் உள்ளன. எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதைக் காட்டும் எழுத்துக்களும் எண்ணும் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வண்ணத்தால் எழுதப்பட்டன. தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் நாற்காலிகளில் துறைப் பெயரும் எண்ணும் எழுதப்படுவது போன்றதே இது. இருப்புப் பதிவேட்டுக்காக எழுதப்பட்ட அவ்வெழுத்துக்கள் பிற்காலத்தில் எதிர்பாராத மதிப்பைப் பெற்றன.

வடிவமைப்பாளர் யார் என்னும் வினா

இவ்வறைகலன்கள் அனைத்தும் ஜன்னரேயின் பெயராலேயே இன்று அறியப்பட்டாலும், அவர் மட்டுமே அவற்றை வடிவமைத்தார் எனக் கூற இயலாது. சண்டிகர் கட்டிடக்கலை அலுவலகம் கூட்டாக இயங்கியது. குறிப்பாக யூலி சௌத்ரி (1923 - 1995) அறைகலன் வடிவமைப்பில் முக்கிய பங்காற்றினார். இந்தியாவின் முதல் பெண் கட்டிடக்கலைஞர்களுள் ஒருவரான இவர், பின்னாளில் சண்டிகரின் தலைமைக் கட்டிடக்கலைஞராகவும் பணிபுரிந்தார். பட்டறைகளில் அளவுகளைத் திருத்தி, இணைப்புகளை மேம்படுத்திய தச்சர்களின் பெயர்கள் எவ்விடத்தும் பதியப்படவில்லை. பாரிசில் லெ கொபூசியேயின் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்தவரின் பெயரே, இங்கு வேறு பலரின் பெயர்களை மறைத்துவிட்டது என்பது விந்தையானது.

தமிழ்ப் பகுதியுடனான தொடர்பு

ஜன்னரே தமிழ்நாட்டில் கட்டிடம் எதையும் அமைக்கவில்லை. எனினும் பாரிசு அலுவலகத்தின் தாக்கம் சண்டிகருக்கு முன்னரே தமிழ்ப் பகுதியை அடைந்திருந்தது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விருந்தினர் இல்லத்தின் கட்டுமானம் 1930களின் இறுதியில் தொடங்கியது. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த இக்கட்டிடத்தின் பணியில் ஈடுபட்ட செக் நாட்டவரான பிரான்டிசெக் சம்மர், முன்னர் செவ்ரே சாலை அலுவலகத்தில் பணிபுரிந்தவர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாசிமாவும் இதில் பங்கு கொண்டார். வெப்பநிலத்துக்குரிய கான்கிரீட் கட்டிடம், அதற்கென்றே செய்த எளிய தேக்குச் சாமான்கள் என்னும் இணைப்பை இக்கட்டிடத்தில் சண்டிகருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே காணலாம்.

தனி வாழ்க்கையும் இறுதிக் காலமும்

ஜன்னரே திருமணம் செய்துகொள்ளவில்லை. 1954 முதல் 1965 வரை சண்டிகர் 5 ஆம் பிரிவில் 57 ஆம் எண் வீட்டில் வாழ்ந்தார். அரசு ஊழியர் குடியிருப்புக்காக அவரே வடிவமைத்த வீடு அது. மூங்கில், கயிறு, செங்கல் போன்ற மலிவான பொருட்களைக் கொண்டு தம் வீட்டுக்கான சாமான்களைச் செய்து சோதித்துப் பார்த்தார். நகரின் ஓரத்தில் 1958 இல் உருவாக்கப்பட்ட சுக்னா ஏரியில் செல்வதற்கு மிதிபடகுகளையும் வடிவமைத்தார். 1961 இல் தொடங்கப்பட்ட சண்டிகர் கட்டிடக்கலைக் கல்லூரியின் உருவாக்கத்திலும் இவருக்குப் பங்குண்டு. லெ கொபூசியேயுடன் போர்க்காலத்தில் முறிந்த உறவு இந்நகரில் மீண்டும் துளிர்த்தது.

உடல்நலக் குறைவால் 1965 இல் ஜன்னரே சுவிட்சர்லாந்து திரும்பினார். அதே ஆண்டு ஆகசுட்டு 27 ஆம் நாள் லெ கொபூசியே பிரான்சின் தென்கரையில் கடலில் நீந்தும்போது இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் அரியானா தனி மாநிலமாகப் பிரிந்தது. சண்டிகர் ஒன்றியப் பகுதியாகவும் இரு மாநிலங்களின் பொதுத் தலைநகராகவும் ஆனது. ஓர் அரசுக்கெனத் திட்டமிடப்பட்ட செயலகத்தை அன்று முதல் இரண்டு அரசுகள் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. டிசம்பர் 4, 1967 இல் ஜன்னரே ஜெனீவாவில் காலமானார். அவரது விருப்பப்படி, அவரது சாம்பல் 1970 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

அறைகலன்களின் பிற்கால நிலை

அலுவலகங்கள் எஃகு, பிளாத்திக்கு நாற்காலிகளுக்கு மாறியபோது, பழைய மரச்சாமான்கள் பயனற்றவை எனக் கழிக்கப்பட்டன. உடைந்தவை மொட்டை மாடிகளிலும் முற்றங்களிலும் வெயிலிலும் மழையிலும் குவிக்கப்பட்டன. பின்னர் வழக்கமான அரசு நடைமுறைப்படி ஏலம் விடப்பட்டன. சில விறகாயின. அதிகாரிகள் விதிகளை மீறவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். பதிவேட்டில் அவை தேய்மானம் அடைந்த நாற்காலிகள், அவ்வளவே. அவற்றை வேறு வகையாகப் பதிவு செய்ய ஒரு பத்தியும் அப்பதிவேட்டில் இல்லை.

1990களின் இறுதியிலிருந்து பிரான்சு நாட்டு வணிகர்கள் இவ்வேலங்களில் மொத்தமாக வாங்கி, பழுதுபார்த்து, பாரிசு, லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களில் விற்கத் தொடங்கினர். சில நூறு ரூபாய்க்கு விலைபோன நாற்காலிகள் பல ஆயிரம் டாலர்களுக்கு விற்கப்பட்டன. பின்புறத்தில் எழுதப்பட்டிருந்த அலுவலக எண்ணே அவை உண்மையானவை என்பதற்குச் சான்றானது. விரைவில் போலி எண்கள் எழுதப்பட்ட போலி நாற்காலிகளும் தோன்றின. வெவ்வேறு பட்டறைகளில் செய்யப்பட்டதால் உண்மையானவற்றிலேயே ஒரே சீரான அளவு இல்லை என்பது போலிகளைக் கண்டறிவதைக் கடினமாக்குகிறது. அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013 இல் வெளியிட்ட திரைப்படம் ஒன்று, மேலை நாட்டுச் செல்வர் வீடுகளிலிருந்து தொடங்கி, ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் வழியாகச் சண்டிகர் அலுவலகங்கள் வரை இந்நாற்காலிகளின் பயணத்தைப் பின்னோக்கிக் காட்டுகிறது.

இவ்வணிகத்தைச் சட்டத்தால் தடுப்பது எளிதாக இருக்கவில்லை. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், பொதுவாக 100 ஆண்டுகள் பழமையான பொருட்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. சண்டிகர் நாற்காலிகள் அந்த வயதை 2050களில்தான் எட்டும். 2011 இல் இந்திய உள்துறை அமைச்சகம் இவ்வறைகலன்களை விற்கவும் ஏலம் விடவும் ஏற்றுமதி செய்யவும் தடை விதித்து ஆணையிட்டது. சண்டிகர் நிருவாகம் நடத்திய கணக்கெடுப்பில் 12,793 அறைகலன்கள் மரபுப் பொருட்களாகப் பட்டியலிடப்பட்டன. எனினும் ஆணைக்கு முன்னர் முறையாக ஏலத்தில் வாங்கி வெளிநாடு கொண்டு செல்லப்பட்டவற்றைத் திரும்பக் கோர வழியில்லை. அவற்றின் விற்பனை தொடர்கிறது.

2016 இல் லெ கொபூசியேயின் கட்டிடங்கள் ஏழு நாடுகளில் 17 இடங்களில் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டபோது, சண்டிகர் தலைமை வளாகமும் அதில் இடம்பெற்றது. இருவரும் கூட்டாக வடிவமைத்த சவோய் மாளிகையும் அப்பட்டியலில் உண்டு. பட்டியலின் தலைப்பில் ஒருவர் பெயரே உள்ளது. ஜன்னரே வடிவமைத்த குடியிருப்புகளும் பல்கலைக்கழக வளாகமும் அதில் இடம்பெறவில்லை.

ஜன்னரேயின் கடிதங்களும் வரைபடங்களும் கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள கனடியக் கட்டிடக்கலை மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. சண்டிகரில் அவர் வாழ்ந்த 57 ஆம் எண் வீடு 2017 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. அவரது கைப்பட உருவான அறைகலன்கள் சிலவற்றை அங்கு காணலாம்.